பெட்ரோலா, டீசலா, கேஸா? புயல் காலத்துக்கு எந்த ஜெனரேட்டர் வாங்கலாம்?

பட்டுக்கோட்டைப் பக்கம் வீடு, ஒன்றரை எச்பி போர் மோட்டார், ஃபிரிட்ஜ், நாலு ஃபேன் என்று சொல்லி, எந்த எரிபொருளில் யூனிட் செலவு குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்டாவில் ஜெனரேட்டர் சர்வீஸ் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களுக்கு டீசல்.

வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடப்போகிற மெஷினுக்கு யூனிட் செலவைப் பார்த்துப் பயனில்லை. மாசக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த எரிபொருள் என்ன ஆகும், கரண்ட் போன நாலாம் நாள் அது கைக்குக் கிடைக்குமா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவே ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள்.

என்னிடம் ஸ்டார்ட் ஆகாமல் வருகிற பெட்ரோல் செட்டுகளில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு படிவு. வார்னிஷ் வாடை அடிக்கும், பெட்ரோல் போகும் ஜெட்டின் ஊசித் துளை அடைத்திருக்கும். நின்றுபோன பெட்ரோலின் வேலை அது. இப்போது வரும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் செட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ஓட்டி முடித்ததும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள்.

போர் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் ஜெனரேட்டரின் திறன் 5 கேவிஏவுக்குக் குறையாமல் வேண்டும். அந்த அளவு பெட்ரோல் செட் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். லைசென்ஸ் இல்லாமல் பெட்ரோல் 30 லிட்டர்தான் வைத்துக்கொள்ளலாம், நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு நாளைக்குக்கூட வராது. டீசல் அதே வேலைக்குக் குறைவாகக் குடிக்கும், சட்டென்று தீப்பிடிக்காது, மூடிவைத்தால் ஆறு மாசம் தாங்கும். அடியில் தேங்கும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது வடித்துவிடுங்கள். ஒன்று, டீசல் செட்டில் வெறும் இரண்டு ஃபேன் போட்டு நாள் முழுக்க ஓட்டாதீர்கள். லோடு குறைந்தால் எண்ணெய் சரியாக எரியாமல் சைலன்சரில் கறுப்பாக ஒழுகும். மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, மூன்று மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள்.

மோட்டார் இல்லாத வீடா, 2 கேவிஏ பெட்ரோல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் போதும்.

கேஸ் கெட்டுப்போகாது, உண்மை. ஆனால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே, ஜெனரேட்டருக்குப் போடக்கூடாது. மரம் விழுந்த ரோட்டில் அடுத்த சிலிண்டரும் வந்து சேராது.

எதை வாங்கினாலும், மழை அடிக்கிறது என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய திண்ணையிலோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வெளியே தனிக் கூரை போடுங்கள். வீட்டு வயரிங்கை வெளி லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்கும் போய், கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும்.

ஐப்பசிக்கு முன்னாலேயே வாங்கி, உங்கள் போர் மோட்டாரையே போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.