ஓவர்டப் செய்த கிட்டார் பிந்தி விழுகிறது

ஏற்கெனவே பதிந்த ட்ராக்கின் மேல் இரண்டாவது கிட்டாரைப் பதிகிறீர்கள் (ஓவர்டப்). வாசிக்கும்போது தாளத்தோடு ஒட்டி வருகிறது, திரும்பப் போட்டுக் கேட்டால் மட்டும் அந்த இரண்டாவது கிட்டார் பிந்துகிறது என்றால் பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 64-க்கு இறக்கியும் தீராததில் ஆச்சரியமில்லை. நீங்கள் தொட வேண்டியது ரெக்கார்டிங் ஆஃப்செட், அதாவது பதிந்த ஒலியை மென்பொருள் எவ்வளவு நகர்த்தி வைக்க வேண்டும் என்ற அமைப்பு.

பெரும்பாலும் டிரைவர் (கிட்டாரைச் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) தன் தாமதத்தைக் குறைத்துச் சொல்லிவிடுகிறது, பதிவு மென்பொருளும் அதை நம்பி அவ்வளவு மட்டுமே முன்னால் நகர்த்துகிறது. பொதுவான டிரைவரில் ஓட்டுகிறீர்களானால் முதலில் இன்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ (ASIO, தாமதம் குறைந்த வகை) டிரைவருக்கு மாறுங்கள்.

அப்புறமும் பிந்தினால் அளந்து பார்த்துவிடலாம்:

1. இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு ஒரு கேபிள். பதியும் ட்ராக்கில் மானிட்டரிங்கை (உள்ளே வரும் ஒலியை உடனே வெளியே கேட்கவிடுவது) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும்.

2. ஒரு ட்ராக்கில் இருக்கும் க்ளிக் ஒலியை ஓடவிட்டு இன்னொன்றில் பதியுங்கள். நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு அலைகளும் எழும் இடங்களுக்கு நடுவே எத்தனை சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீட்டுப் புள்ளி) என்று எண்ணுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், 480 சாம்பிள் என்றால் 10 மில்லிசெகண்ட், காதுக்கு நன்றாகவே தெரியும்.

3. அந்த எண்ணை ஆஃப்செட்டில் போட்டு மறுபடி பதியுங்கள். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் மைனஸ் குறியை மாற்றினால் போதும்.

சாம்பிள் ரேட்டையோ பஃபரையோ மாற்றினால் இந்த அளவும் மாறக்கூடும், திரும்ப அளக்க வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வாசிக்கிறீர்களா? அப்படியானால் வயர் ஹெட்ஃபோனுக்கு மாறாமல் இதெல்லாம் வீண்வேலை.