யார் காதிலும் விழாத பேஸ் கிட்டாரை எதற்கு வாசிக்கிறீர்கள்?

கச்சேரியில் பேஸ் கிட்டார் தனியாகக் காதில் விழுவதே இல்லையே, அதை எதற்கு வாசிக்கிறீர்கள், வேலைக்கும் போய்க்கொண்டு அதோடு காலம் தள்ளுவது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். கல்யாண முகூர்த்த நாட்களிலும் கோயில் கொடை சீசனிலும் நண்பர்களின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். வருகிற காசு பெட்ரோலுக்கும் கம்பிக்கும் சரியாகப் போய்விடும். அதனால் தொழில் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

முதலில் அந்தக் ‘காதில் விழுவதில்லை’யை எடுத்துக்கொள்வோம். அதில் பாதிப் பழியைப் போன் ஸ்பீக்கர் மேல் போடலாம். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸுக்குப் பெரும்பாலும் நாலு. நாலு கம்பி பேஸில் ஆகத் தடித்த கம்பியான இ (E), நொடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. அடுத்த கம்பி ஏ (A), 55 தடவை. போனுக்குள் இருக்கிற அந்தக் குட்டி ஸ்பீக்கரால் இவ்வளவு கீழே இறங்கவே முடியாது. அதிலிருந்து வெளியே வருவது அந்த சுரத்தின் மேல் அடுக்குகள் மட்டும்தான். கீழே இருக்கவேண்டியதை மூளை தானாகவே யூகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆக, போனில் பாட்டுக் கேட்கிற ஒருவர் பேஸைக் கேட்பதே இல்லை, ஊகிக்கிறார். எங்கள் ஊர் தனியார் பஸ்களில் கடைசி சீட்டுக்கு மேலே பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். அங்கே இடம் கிடைத்தால் பேஸ் முதுகு வழியாக ஏறும். நான் ரசிகனானது அந்த சீட்டில்தான். உறுமுகிற அந்த வாத்தியத்துக்கு என்ன பேர் என்று அப்போது தெரியாது.

அப்போது பஸ்ஸில் ஓடியதெல்லாம் இளையராஜாதான். ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’யை எல்லோரும் கிட்டார் பாட்டு என்பார்கள். நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யேசுதாஸை விட்டுவிட்டு, கீழே மட்டும் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். மேலே ஒரு பாட்டு, கீழே இன்னொரு பாட்டு. சாதாரணமாக பேஸுக்குக் கொடுக்கிற வேலை, கார்டின் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டத்தின்) ரூட் நோட்டை, அதாவது அடிச் சுரத்தைப் பிடித்துத் தாளத்தோடு நடப்பது. ராஜா அதை அப்படி விடுவதில்லை. பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் பேஸை ஏறவிடுவார், பாடகர் ஏறும்போது இறக்குவார். எல்லா வாத்தியங்களுக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறவர் அவர், பேஸுக்கும் அப்படித்தான். அதைப் பல வருஷம் வாசித்தவர் சசிதரன். இந்தப் பெயர் எனக்குத் தெரியவந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. கேசட் உறையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள், அதோடு முடிந்தது. வாசித்தவர்களுக்கு அங்கே இடம் கிடையாது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனி அறுபதுகளில் வெளியிட்ட ஹிட் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜாமர்சன். பாட்டு உலகம் முழுக்கப் போனது, அவர் பெயர் ஸ்டுடியோ வாசலைத் தாண்டவில்லை. 1971இல் அந்தக் கம்பெனியின் பாடகர் மார்வின் கே கொண்டுவந்த ஆல்பத்தின் உறையில்தான் வாசித்தவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் அச்சானது. 1983இல் இறந்துபோனார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000இல். மனிதர் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். இதை எங்கள் குழுவில் சொன்னதிலிருந்து, நான் பழைய கம்பியோடு வரும்போதெல்லாம் ‘ஜாமர்சன் வந்துட்டாரு’ என்கிறான் கீபோர்டுக்காரன்.

யூடியூப் வந்தது பேஸ் ரசிகர்களுக்கு அடித்த அதிர்ஷ்டம். ரஹ்மானுக்குப் பல வருஷமாக வாசித்துவரும் கீத் பீட்டர்ஸை நான் முகம் பார்த்தது அதில்தான். மும்பையிலிருந்து வந்து ரஹ்மானோடு மேடையேறிய மோஹினி டேயைப் பார்த்ததும் அதில்தான். மோஹினி வாசிப்பதைப் பார்த்த அன்று ராத்திரி என் பேஸைத் தொடவே மனசு வரவில்லை.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். ஆசைப்பட்டு பேஸுக்கு வருகிறவர்களை விட, இடம் காலியாக இருந்ததால் வந்தவர்களே அதிகம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் கொடிகட்டிப் பறந்த கரோல் கே முதலில் கிட்டார்தான் வாசித்தார். 1963 வாக்கில் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் ஆள் வராமல் போக, அவர் கையில் அதைக் கொடுத்தார்கள். எங்கள் குழுவிலும் லீட் கிட்டாருக்குப் போட்டி இருந்தது. பேஸுக்கு நான் ஒருத்தன்தான்.

வாசிக்க ஆரம்பித்தபிறகுதான் ஒன்று புரிந்தது. இந்த வாத்தியத்தில் நோட்டை எங்கே தொடங்குகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு குத்துப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டோலக்கின் இடது பக்க ‘தொம்’மும் என் பேஸும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் குடியிருப்பவை. நான் என் நோட்டை டோலக்காரர் அடுத்த ‘தொம்’ போடும் வரைக்கும் இழுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பாட்டு சேற்றில் நடக்கிற மாதிரி ஆகிவிடும். அவர் கை இறங்குவதற்கு ஒரு முடி நேரம் முன்னால் நான் அடங்கவேண்டும். அதற்கு இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்) எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் தளர்த்தவேண்டும். எடுத்தால் கம்பி தனியாக ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் போடும். போதாக்குறைக்கு, தொடாத கம்பிகளும் கூடவே முனகும். ஏ கம்பியில் வாசிக்கும்போது வலது கைக் கட்டைவிரலை இ கம்பி மேல் சாய்த்துவைப்பது அதை அடக்கத்தான். பார்க்கிறவர்களுக்கு ஒருவன் சும்மா கையை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பாதி நேரம் நான் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். டோலக்காரரோடு இது சரியாக உட்கார்ந்துவிட்டால் அவர் என்னைப் பார்க்கமாட்டார், லேசாகத் தலையை ஆட்டுவார். நீங்கள் ‘ஏன்’ என்று கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அந்தத் தலையாட்டல்தான்.

அப்புறம் ஸ்ருதிப் பிரச்சினை. ‘அண்ணே, இன்னிக்குத் தொண்டை சரியில்ல, அரைக்கட்டை இறக்கிக்கலாமா?’ என்று பாடுகிற தங்கச்சி மேடையிலேயே கேட்கும். கீபோர்டுக்காரன் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு நிம்மதியாக நிற்பான். என் வாத்தியத்தில் அந்தப் பட்டன் கிடையாது. கை முழுவதையும் ஒரு ஃப்ரெட் தள்ளி வாசிக்கவேண்டும், திறந்த கம்பிகளை நம்பிப் பழகிய இடமெல்லாம் போயிற்று. பாட்டு இ ஸ்கேலில் இருந்தால் இன்னும் மோசம். நாலு கம்பி பேஸில் இ-க்குக் கீழே போக ஒன்றுமில்லை. அரைக்கட்டை இறங்கினால் அந்த நோட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்கவேண்டியதுதான். பாட்டின் பாரமே இறங்கிவிடும். ஐந்து கம்பி பேஸ் வாங்குகிறவர்கள் பலர் பந்தாவுக்கு வாங்குவதில்லை, இந்த மாதிரிப் பாடகர்களுக்குப் பயந்து வாங்குகிறார்கள். அதில் கீழே பி என்று இன்னொரு கம்பி இருக்கும், நொடிக்கு 31 அதிர்வு.

மண்டபங்கள் தனி ரகம். இ கம்பியின் ஒலி அலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவருமாக இருக்கிற மண்டபத்தில் அது முட்டித் திரும்பி வந்து, ஒரு நோட்டை வீங்கவைக்கும், பக்கத்து நோட்டை விழுங்கிவிடும். நான் ஒரே அளவு பலத்தில்தான் வாசிக்கிறேன், ஆனால் ஜி மட்டும் கல்யாண வீட்டையே ஆட்டும், ஏ இருக்கிற இடம் தெரியாது. இரண்டடி தள்ளி நின்றால் கதை தலைகீழ். இதனால் போனதும் நான் செய்கிற முதல் வேலை, எல்லா நோட்டையும் வரிசையாக ஒரு தடவை மெதுவாக வாசித்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வருவது. நீள கேபிள் வாங்கியதே அதற்குத்தான். சமையல்காரர்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

கொடையில் திறந்தவெளி, அதனால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே மைக் செட்காரர்தான் கடவுள். ஒரு ஊரில் ஒருவர் நிகழ்ச்சி தொடங்கியதுமே என் லைனை முழுசாக அணைத்துவிட்டார். கேட்டதற்கு ‘அது ஒண்ணும் இல்லண்ணே, கர்ர்னு ஒரு சவுண்டு வந்துச்சு, கட் பண்ணிட்டேன்’ என்றார். அவர் சொன்ன அந்தக் ‘கர்ர்’ என் வாசிப்பு. நடுவில் பெரியவர் ஒருவர் மேடை ஓரமாக வந்து, ‘ஏடே, மிச்ச ரெண்டு கம்பிய எங்கடே?’ என்று கேட்டார். ‘அடகு வெச்சிருக்கேன் மாமா, கொடை முடிஞ்சதும் மீட்டிருவேன்’ என்றேன். இந்தக் கேள்வி வராத கொடை அபூர்வம்.

வீட்டுப் பக்கம் சொல்ல அதிகமில்லை. ஆம்பில் (ஒலியைப் பெருக்குகிற பெட்டியில்) சொருகாமல் வாசித்தால் பேஸ் அரை ஊமை, டிவி ஓடுகிற அறையில்கூட யாருக்கும் தொந்தரவில்லை. சொருகினால் அடுத்த வீட்டுச் சுவர் வரைக்கும் போகும். தாழ்ந்த ஒலியைச் சுவர் தடுக்காது. அதனால் ராத்திரி ஹெட்போன்தான். பாட்டைப் பிரித்துப் படிக்க ஒரு வழி சொல்கிறேன், பலருக்குத் தெரிவதில்லை. வேகம் குறைக்கிற ஆப்களில் ஸ்ருதியை மாற்றுகிற வசதியும் இருக்கும். பாட்டை முழுசாக ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். பாடகர் குரல் அணில் கத்துகிற மாதிரி ஆகிவிடும், சகித்துக்கொள்ளுங்கள். அடியில் புதைந்து கிடந்த பேஸ், கிட்டார் மாதிரித் தெளிவாக மேலே வந்துவிடும். பழைய ராஜா பாட்டுகளை நான் இப்படித்தான் நோட்டு நோட்டாகப் பொறுக்கினேன்.

உடம்பையும் சொல்லவேண்டும். பேஸ் ஒன்று நாலு கிலோ வரும், மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தோளில் தொங்கும். அகலமான ஸ்ட்ராப் போடாவிட்டால் மறுநாள் லெட்ஜர் எடுக்கக் கை தூக்காது. விரல் நுனியில் முதலில் கொப்புளம் வரும், பிறகு காய்த்துப்போகும். அப்புறம் போனில் கைரேகை வைத்தால் திறக்காது.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் ஒரு நாலு கம்பி பேஸ் போதும். ஐந்து கம்பி பிறகு பார்க்கலாம். கை சின்னதாக இருந்தால், 34 அங்குல நீளக் கம்பிக்குப் பதிலாக 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கேளுங்கள். பெரிய ஆம்ப் வேண்டாம், மேடையில் எப்படியும் மைக் செட்காரர் லைனில்தான் சொருகப் போகிறீர்கள். பழசு வாங்கினால் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் பயமில்லை, கழுத்துக்குள்ளே இருக்கிற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்றுத் திருகினால் நேராகும். 12வது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தியும், அதே இடத்தில் சும்மா தொட்டும் வாசித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே சுரமாக வரவேண்டும். கடைசியாக, சொருகின ஜாக்கை லேசாக ஆட்டுங்கள். கரகரத்தால் சாதாரண சால்டரிங் வேலைதான், ஆனால் விற்கிறவரிடம் அதைச் சொல்லாதீர்கள், ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேளுங்கள்.