கூறை எடுக்கச் சென்னைக்கா? முதலில் ஒரு கொப்பித் தாள் கணக்கு

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்:

"ஐயா, மகனுக்குத் தை மாதம் கலியாணம். கூறை எங்கள் பக்கம்தானே எடுக்க வேண்டும். சென்னையில் எல்லாம் பாதி விலை, போன காசு சேலையிலேயே வந்துவிடும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். நான், இவர், என் தங்கை, மகள் என்று நாலு பேர் போக நினைக்கிறோம். கூறை, பட்டுகள், சொந்தங்களுக்குக் கொடுக்கிற சேலைகள் எல்லாம் இங்கே எடுத்தால் 6 இலட்சம் ஆகும் போல் இருக்கிறது. போனால் உண்மையில் மிச்சமா? இவருக்குத் திருநள்ளாறு போக வேண்டும் என்று வெகுநாள் நேர்த்தியும் இருக்கிறது."

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சென்னைக்குப் போனால் மிச்சம் இல்லை, கையிலிருந்துதான் போகும். ஆனால் உங்கள் கடைசி வரியில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் திருநள்ளாற்றில், ஒரு நல்ல வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போக்குவரத்துச் செலவைப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் போடும் தொகைகள், உங்கள் முகவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கொழும்பு - சென்னை போய்வர ஒருவருக்கு 55 ஆயிரம். விசா, திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க போய்வரும் செலவு ஒருவருக்கு 10 ஆயிரம். அறை நாலு இரவு, இருவருக்கு ஒன்று, 35 ஆயிரம். சாப்பாடும் ஆட்டோவும் ஒருவருக்கு 20 ஆயிரம். கூட்டினால் இருவருக்கு 2 இலட்சத்து 5 ஆயிரம், நால்வருக்கு 4 இலட்சத்து 10 ஆயிரம்.

இனி விலை வித்தியாசம். பட்டுக்கு 40 வீதம், சாதாரணச் சேலைகளுக்கு 20 வீதம் என்று வைப்போம். இது தாராளமான கணக்குத்தான். உங்கள் 6 இலட்சத்தில் மூன்றரை இலட்சம் பட்டு என்றால் அதில் 1 இலட்சத்து 40 ஆயிரம் குறையும். மீதி இரண்டரை இலட்சத்தில் 50 ஆயிரம். மொத்தம் 1 இலட்சத்து 90 ஆயிரம். இருவர் போனாலே 15 ஆயிரம் கைநட்டம். நால்வர் போனால் 2 இலட்சத்து 20 ஆயிரம்.

இந்தப் "பாதி விலை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2022 தொடக்கம் வரை ஓர் இந்திய ரூபாய்க்கு நம் காசில் இரண்டே முக்கால் கொடுத்தால் போதும். நெருக்கடிக்குப் பிறகு அது மூன்றரையை ஒட்டி நிற்கிறது. அன்று 27 ஆயிரத்துக்கு வந்த அதே 10 ஆயிரம் இந்திய ரூபாய்ச் சேலை இன்று 35 ஆயிரம். போய் வந்தவர்கள் சொல்வது பொய்யில்லை, பழைய கணக்கு. இங்கும் விலை ஏறித்தான் இருக்கிறது. பெறுமதி சேர் வரி மட்டும் 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து 18. அதனால் வித்தியாசம் முழுதாக அழிந்துவிடவில்லை. பாதி என்பது மட்டும் போய்விட்டது.

இதுவரை போட்டது எல்லோரும் போடக்கூடிய கணக்கு. யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது: சுங்கம்.

குறுகிய பயணம் போய் வருகிறவருக்கு, அதாவது 90 நாளுக்குக் குறைவாக வெளிநாட்டில் நின்றவருக்கு, வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய சாமானின் பெறுமதி பல வருடமாக 187.50 அமெரிக்க டொலர் என்றே இருந்து வந்தது. போகும் முன் சுங்கத் திணைக்களத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய கிழக்கில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வருகிற தம்பிமாருக்குக் கிடைக்கிற சலுகை வேறு. அவர்கள் இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவருவதைப் பார்த்து நாமும் கொண்டுவரலாம் என்று நினைப்பதுதான் நம் ஊரில் பெரிய பிழை.

டொலரை 300 ரூபாய் என்று எடுத்தால் தலைக்கு 56,250 ரூபாய். 40 வீதம் மலிவு என்றால் அதே சாமான் இங்கே 93,750. ஆக ஒருவர் சலுகைக்குள் நின்று மிச்சம் பிடிக்கக்கூடியது, கூடிப்போனால், 37,500 ரூபாய். அவர் போய்வர ஆகும் செலவு ஒரு இலட்சத்துக்கு மேல். நாலு பேர் போனாலும் நாற்பது பேர் போனாலும் இந்த விகிதம் மாறாது, ஏனென்றால் சலுகையும் தலைக்கு, செலவும் தலைக்கு. சலுகைக்கு மேல் வாங்கினால் மேலதிகத்துக்கு வரி கட்ட வேண்டும். நம் மத்திய வீதிக் கடைக்காரரும் அதே துறைமுகத்தில் வரி கட்டித்தான் சேலையை அடுக்கி வைத்திருக்கிறார். அதை நீங்களும் கட்டினால் வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

"நாங்கள் போன முறை முப்பது சேலை கொண்டுவந்தோம், ஒருவரும் கேட்கவில்லையே" என்று உங்கள் சொந்தக்காரர் சொல்வார். சரி, கேட்கவில்லை. அவர் ஆதாயம் என்று சொல்வது, அன்றைக்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லாத அதிர்ஷ்டத்தைத்தான். கலியாணத்தை வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்பி முதல் போட நான் சொல்ல மாட்டேன். ஒரே மாதிரிச் சேலை இருபத்தைந்து இருந்தால், சொந்தங்களுக்குக் கொடுக்க என்று நீங்கள் சொன்னாலும் வியாபாரச் சாமான் போலத்தான் அது தெரியும். சில கடைகளில் "பில்லைக் குறைத்துப் போட்டுத் தரவா?" என்று அவர்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடிபட்டால் வெட்கம் ஒருபக்கம், சேலையில் குறை வந்தால் காட்டுவதற்குச் சரியான பில்லும் இருக்காது.

இன்னொன்றையும் கேட்பார்கள்: வெளிநாட்டார் வாங்கினால் வரியை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்களா? தாய்லாந்தில், சிங்கப்பூரில் அப்படி இருக்கிறது. இந்தியாவில் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்தக் காசைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகையை இந்தப் பயணத்தோடு சேர்க்கவே வேண்டாம். தாலிக்கு எப்படியும் உங்கள் வீட்டில் பொன்னுருக்க வேண்டும், நம் பத்தர்தான் செய்யப் போகிறார். மற்ற நகைக்கும் தங்கத்தின் விலை உலகச் சந்தையோடு போகிறது, இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் வருவது செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். அதைக் கொழும்புச் செட்டியார் தெருவிலோ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ நின்று பேசிக் குறைக்கலாம். போகும்போது போட்டுப் போகும் நகையையும் குறைத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சுங்கத்தார் கழற்றி வாங்கி, அது உயர்நீதிமன்றம் வரை போய், 2025இல்தான் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு, ஆனால் அவ்வளவு நாள் அலைய உங்களுக்கு நேரம் இருக்காது.

அப்போது சென்னைக்குப் போய்ச் சேலை எடுக்கிறவர்கள் எல்லோரும் ஏமாளிகளா? இல்லை. இரண்டு வகை ஆட்களுக்கு அது சரி. ஒன்று, தெரிவு வேண்டும் என்று போகிறவர்கள். திருகோணமலையில் ஒரு கடையில் இருபது கூறை விரித்துக் காட்டுவார்கள் என்றால் தியாகராய நகரில் ஒரு மாடி முழுக்க விரிப்பார்கள். அந்தச் சந்தோசத்துக்கு விலை உண்டு, அதைச் செலவு என்றே எழுதிவிட்டுப் போகலாம். மற்றது, வேறு காரியத்துக்கு எப்படியும் போகிறவர்கள். கண் ஒப்பரேசனுக்கோ கோவிலுக்கோ போகிறவருக்குப் போக்குவரத்துச் செலவு அந்தக் காரியத்தின் கணக்கில் போய்விடுகிறது. அவர் வாங்கும் சேலையில் வருகிற 37,500 முழுக்க மிச்சம்.

உங்கள் வீட்டில் அந்தக் காரியம் இருக்கிறது, அம்மா. திருநள்ளாறு.

திருநள்ளாறு காரைக்காலுக்குப் பக்கம், நாகபட்டினத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. கடலில் நாலு மணி நேரம் அளவில். நம் ஊரிலிருந்து காங்கேசன்துறை, வவுனியா வழியாக, ஐந்தாறு மணி நேரம். கட்டுநாயக்கவும் ஏறத்தாழ அவ்வளவுதான். கப்பல் சரிவராவிட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் சின்ன விமானங்கள் போகின்றன. அவற்றில் ஒருவருக்கு எத்தனை கிலோ என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

நாகபட்டினத்தில் இறங்கினால் சென்னைக்கு முந்நூறு கிலோமீற்றர் ஓட வேண்டியதில்லை. திருநள்ளாறு முடித்துக்கொண்டு கும்பகோணம் போங்கள். பக்கத்தில் திருபுவனம். காஞ்சிபுரம் அளவுக்கு நம்மவர்களுக்குப் பழக்கமில்லாத பெயர், ஆனால் பட்டுக்கென்றே உள்ள நெசவாளர் ஊர். 2019இல் அந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூட்டுறவுச் சங்கக் கடையில் பேரம் கிடையாது, அதனால் ஏமாற்றும் குறைவு. தியாகராய நகர்க் கடையில் குளிரூட்டிக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற காசு இங்கே இல்லை.

இருவர் மட்டும், மூன்று இரவு என்றால், என் கணக்கில் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்குள் அடக்கலாம். அது நேர்த்திக்கடனின் செலவு. இருவரின் சலுகை 1 இலட்சத்து 12 ஆயிரம் ரூபாய், இந்தியக் காசில் 32 ஆயிரம். அதற்குள் நல்ல கூறை ஒன்றும் இரண்டாம் சேலை ஒன்றும் எடுத்துவிடலாம். அதில் 75 ஆயிரம் மிச்சம், பெட்டியைத் திறக்கச் சொன்னாலும் நெஞ்சு படபடக்காது.

காலத்தைப் பார்க்க வேண்டும். மாரி தொடங்கினால் கப்பல் நின்றுவிடும், கார்த்திகையில் நம் வீதிகளையும் நம்ப முடியாது. தை மாதக் கலியாணத்துக்கு ஆவணி, புரட்டாதியில் போய்வந்துவிடுங்கள். தீபாவளியை ஒட்டிய தள்ளுபடிக்காகக் காத்திருந்தால் கடலும் கூட்டமும் சேர்ந்து பழிவாங்கும்.

மருமகளை விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைக்காதீர்கள். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் காட்டுங்கள், ஆனால் கடை வெளிச்சத்தில் இல்லை; சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். நாங்கள் ஒரு தடவை கடைக்குள் பார்த்து எடுத்த அரக்கு நிறம், வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தரிப்பூ நிறம். அதைவிட மோசம், அதே பயணத்தில் ஒரு கடையில் அசல் பட்டு என்று சொல்லித் தந்த ஒரு சேலை. வீட்டில் முந்தானை நூலைக் கொளுத்திப் பார்த்தோம். பட்டு என்றால் மயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். எங்கள் நூல் உருகி மணி மாதிரி உருண்டது. திரும்பிப் போய்க் கேட்க நடுவில் கடல். பட்டு முத்திரை (Silk Mark) ஒட்டிய சேலையை எடுங்கள், சரிகை அசலா என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

குத்துவிளக்கு, சில்வர்ப் பாத்திரம் எதையும் அங்கே தொட வேண்டாம். இரண்டு விளக்கு உங்கள் சேலைப்பெட்டியின் எடையைத் தின்றுவிடும்.

மீதிச் சேலைகளுக்கு வருவோம். சொந்தங்களுக்குக் கொடுக்கிற அந்த இருபத்தைந்தும் இந்தப் பயணத்துக்கு உரியவை அல்ல. அவற்றுக்குக் கொழும்பு புறக்கோட்டை போதும். இரவு ரயிலில் ஏறி விடியக் கோட்டையில் இறங்கி, பகலில் எடுத்துக்கொண்டு அன்றிரவே திரும்பலாம். உங்கள் தங்கையையும் மகளையும் அதற்கு அனுப்புங்கள், அவர்களுக்கும் மனக்குறை இருக்காது. அதற்கும் முன், நம் ஊரிலேயே உங்களுக்குப் பழக்கமான கடையில் இருபத்தைந்து சேலை மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். மொத்தமாக எடுக்கும்போது அவர் இறங்கி வருவார், தவணையும் தருவார், பிடிக்காத நிறத்தை அடுத்த நாள் மாற்றியும் தருவார்.

கொப்பித் தாளில் பெயர்ப் பட்டியலைப் போகும் முன்பே எழுதிவிடுங்கள். என் அக்கா மகளின் கலியாணத்துக்கு "யாருக்காவது உதவும்" என்று நாங்கள் அள்ளி வந்ததில் ஒன்பது சேலை இன்னும் அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அந்த ஒன்பதின் விலையைச் சேர்த்துப் பார்க்க அக்கா இன்றுவரை விடவில்லை.