ஒரு ஆம்ப், ஆறு ஸ்பீக்கர்

கேள்வி: என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ‘4–8 ஓம்’ என்று போட்டிருக்கிறது. ஹாலில் இருந்த இரண்டு ஸ்பீக்கரோடு சமையலறைக்கு இரண்டு, மாடி வராந்தாவுக்கு இரண்டு என்று சேர்த்து, பக்கத்துக்கு மூன்றாக ஒரே முனையில் கொடுத்தேன். ஆறுமே 8 ஓம். சத்தத்தைக் கூட்டினால் கால் மணி நேரத்தில் பெட்டி கொதிக்கிறது, பாட்டு நின்றுவிடுகிறது. ஆறையும் பாட வைக்க வழி உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: உண்டு. ஆனால் ஒயரை மாற்றும்வரை ஆம்பை ஆன் செய்யாதீர்கள். ப்ளஸ்களை ஒன்றாகவும் மைனஸ்களை ஒன்றாகவும் முறுக்கினால் அது பேரலல். ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை; பேரலலில் அது குறையும். 8-ஐ மூன்றால் வகுத்தால் 2.67 ஓம், உங்கள் ஆம்ப் தாங்குவதோ குறைந்தது 4. ஒரு ஸ்பீக்கர் இழுப்பதைப் போல மூன்று மடங்கு கரண்ட் அவுட்புட் ஐசி (ஸ்பீக்கரை ஓட்டும் சில்லு) வழியே போகிறது. பாட்டு நின்றது பாதுகாப்புச் சுற்றின் வேலை. அது இல்லாத அசெம்பிள்டு செட்டாக இருந்தால் ஐசி போயிருக்கும். ஐசி ஷார்ட்டானால் டிசி (நேர்மின்சாரம்) நேராக ஸ்பீக்கருக்குப் பாய்ந்து அதன் கம்பிச் சுருளும் கருகக்கூடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஹால் ஸ்பீக்கர் நேரடியாக ஆம்பில் இருக்கட்டும். மற்ற இரண்டையும் சீரிஸாக்குங்கள்: ஆம்ப் ப்ளஸ்ஸிலிருந்து சமையலறை ப்ளஸ், சமையலறை மைனஸிலிருந்து மாடி ப்ளஸ், மாடி மைனஸிலிருந்து ஆம்ப் மைனஸ். சீரிஸ் ஜோடி 16 ஓம். அது ஹாலின் 8 ஓமோடு பேரலலாகும்போது 5.33 ஓம். இது ஆம்புக்குப் பாதுகாப்பான அளவு. சீரிஸில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஹால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வாட்ஸில் கால் பங்குதான் வரும். சமையலறைக்கும் வராந்தாவுக்கும் அந்தச் சத்தமே இதம். சீரிஸில் போடும் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியின் தன்மை கெடும். ஒன்றின் ஒயர் அறுந்தால் இன்னொன்றும் பாடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பக்கத்தின் ப்ளஸ், மைனஸ் ஒயர்களை ஆம்பில் மாட்டுமுன் அந்த இரண்டு ஒயர்களின் நுனியிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரைதான் காட்டும், பழுதல்ல. உங்கள் மூன்றும் சேர்ந்து 4 முதல் 5 வரை காட்ட வேண்டும். 2 வந்தால் மூன்றுமே பேரலலில் இருக்கின்றன. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் முனையில் பிரிந்து நிற்கும் ஒரு செம்புப் பிசிறுதான் காரணம். 10 மீட்டர் வரை 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும், 20 மீட்டருக்கு 1.5 போடுங்கள்.

கேள்வி: என் ஆம்பில் ஏ, பி என்று இரண்டு ஜோடி முனைகள். ‘ஏ அல்லது பி: 4 ஓம், ஏ+பி: 8 ஓம்’ என்கிறது. என்ன பொருள்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஏ-யும் பி-யும் உள்ளே பேரலலாகின்றன. ஆகவே சேர்த்துக் கேட்க எல்லா ஸ்பீக்கரும் 8 ஓமாக இருக்க வேண்டும். 4 ஓம் ஜோடி இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான்.

கேள்வி: ஒயர் மிச்சமாகும் என்று இரண்டு பக்க மைனஸையும் ஒன்றாக்கி மூன்று ஒயரில் இழுக்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். டிபிஏ3116 ஐசி உள்ள ஆம்ப் போர்டு, கார் ஸ்டீரியோ போன்றவை பிரிட்ஜ் வகை. அவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் உண்டு, அது எர்த் அல்ல. ஒன்றாக்கினால் இரண்டு அவுட்புட்டையும் ஷார்ட் செய்ததாகும். பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் மைனஸுக்கும் சப்ளை மைனஸுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 24 வோல்ட் செட்டில் 12 போலக் காட்டினால் அது பிரிட்ஜ். ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி ஒயர் தனியாகவே இழுங்கள்.