13 செல் போர்டை 10 செல் பேக்குக்குப் போடலாமா?

பெரிய பேட்டரி பேக்கிலிருந்து கழற்றிய பிஎம்எஸ் என்கிற, செல்களைக் கண்காணித்துக் காக்கும் போர்டைச் சின்ன பேக்குக்கு மாற்றுவது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. கைவசம் உள்ளவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, பழைய 48 வோல்ட் சைக்கிள் பேக்கிலிருந்து எடுத்த 13எஸ் (தொடராக 13 செல்) போர்டு இருக்கிறது. இப்போது 36 வோல்ட், 10எஸ் பேக் கட்டுகிறேன். மிச்சமுள்ள மூன்று ஒயரையும் சும்மா விட்டுவிடலாமா?

விட்டால் ஓடாது தம்பி. போர்டு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. செல் இல்லாத இடத்தில் அதற்கு வோல்டேஜ் தெரியாது. "இந்த செல் காலி" என்று முடிவுகட்டி டிஸ்சார்ஜ் மாஸ்ஃபெட்டை (மின்சாரம் வெளியே போகும் வழியில் உள்ள சுவிட்சை) அணைத்துவிடும். பேக்கில் நேராக வைத்துப் பார்த்தால் மீட்டர் 40 வோல்ட் காட்டும், அவுட்புட் பக்கம் மோட்டார் அசையாது. போர்டு கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது!

அந்த மூன்று இடத்தையும் ஷார்ட் செய்துவிட்டால்?

அது சிப்பைப் பொறுத்தது. போன் கேமராவை ஜூம் செய்து சிப் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ76940 என்றால் 9 முதல் 15 செல் வரை ஏற்கும், பிக்யூ76930 என்றால் 6 முதல் 10. ஆனால் கடைசி ஒயர்களை மட்டும் முடிச்சுப் போட்டால் ஆகாது. உள்ளே ஐந்தைந்து செல்லாகக் குழு பிரித்திருக்கிறார்கள். குழுவுக்குக் குறைந்தது மூன்று செல் வேண்டும், மேல் முனையில் நிஜ செல் இருக்க வேண்டும், ஷார்ட் நடுவில்தான் வரும். டேட்டாஷீட்டில் அட்டவணையே இருக்கிறது. அதோடு, போர்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலருக்கும் செல் எண்ணிக்கை தெரிய வேண்டும்.

செல்லுக்கு ஒரு சிப் என்று வரிசையாக நிற்கும் மலிவு போர்டில் ஷார்ட் செய்தாலும் அதே 0 வோல்ட், அதே கட். நான் அதோடு மல்லுக்கட்ட மாட்டேன். 10எஸ் போர்டு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ரெசிஸ்டர் போட்டுப் போலி செல் காட்டலாம் என்கிறார்களே சார்?

காட்டலாம். காவல்காரனுக்குக் கண்ணைக் கட்டிவிடுகிற வேலை அது. ரெசிஸ்டர் பக்கத்து செல்லிலிருந்தே மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த செல் மட்டும் நாளுக்கு நாள் இறங்கும். வேண்டாம்.

ப்ளூடூத் பிஎம்எஸ், 8 முதல் 24எஸ் என்று போட்டிருக்கிறது. என்னிடம் 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்.

இது சுலபம். ஆப்பில் செல் எண்ணிக்கையை 16 ஆக்குங்கள். செல் வகையையும் எல்எஃப்பி என்று மாற்றுங்கள்: மேல் வரம்பு 3.65 வோல்ட், கீழே 2.5. 4.2 வோல்ட் அமைப்பிலேயே விட்டால் எல்எஃப்பி செல் கெட்ட பிறகுதான் போர்டு விழிக்கும். மிச்ச ஒயர் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்: சிலதில் சும்மா விட வேண்டும், சிலதில் கடைசி பாசிட்டிவோடு சேர்க்க வேண்டும். உங்கள் மாடலின் வரைபடத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

செல் ஒயர்களைப் போர்டில் சேர்க்கும் பேலன்ஸ் பிளக்கைச் செருகியதும் புகை வந்துவிட்டது. ஏன்?

ஒயர் வரிசை மாறியிருக்கும். நானும் ஒருமுறை நடுவில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்து, விரல் நுனி அளவு கருப்புப் பொட்டு வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரே பழக்கம்: 10எஸ் என்றால் 11 ஒயர். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரின் கருப்பு முனையை முதல் பின்னில், சிவப்பை இரண்டாவதில். 3.7 வருகிறதா? அப்புறம் இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும் என்று பத்துத் தடவை. எங்கேயாவது 0 வந்தாலோ, 7.4 வந்தாலோ, மைனஸ் வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எல்லாம் சரி என்றால் முதலில் பேட்டரி மைனஸ் ஒயரைப் பற்றவைத்துவிட்டு, பிளக்கைக் கடைசியில் செருகுங்கள்.

30 ஆம்பியர் போர்டு, பேக்கோ 10எஸ்2பி (தொடராகப் பத்து, ஒவ்வொன்றிலும் இணையாக இரண்டு செல்). ஆபத்தா?

செல் என்ன என்று சொல்லவில்லையே. சாம்சங் 35இ என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லுக்குத் தொடர்ந்து 8 ஆம்பியர்தான், இரண்டுக்கு 16. உங்கள் போர்டு 30 வரை வாயே திறக்காது. அதற்குள் செல் சூடாகிவிடும். கரன்டை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டர்கள் நான்கு இணையாக (பேரலல்) இருந்தால், இரண்டைக் கழற்றினால் கட் ஆகும் அளவு பாதியாகும். சாலிடரிங் கை பழகாதவர்கள் மோட்டார் கன்ட்ரோலரில் கரன்டைக் குறைத்து, 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் சும்மா வைத்த சின்ன பேக் காலியாகிவிட்டது. 2.6 ஆம்பியர் ஹவர், ப்ளூடூத் போர்டு.

போர்டே குடித்துவிட்டது. ப்ளூடூத் விழித்திருக்கும்போது 20 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 480 மில்லிஆம்பியர் ஹவர். நிறைந்த பேக்கே ஐந்தரை நாளில் முடிந்துவிடும். 100 ஆம்பியர் ஹவர் சோலார் பேக்கில் இது தெரியவே தெரியாது. ஆப்பில் ஸ்லீப் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ப்ளூடூத் இல்லாத சாதா போர்டு. இப்போது சார்ஜரை மாட்டுவதற்கு முன் செல்களை அளந்து பாருங்கள். ஏதாவது ஒன்று 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அதை மறுபடி சார்ஜ் போட வேண்டாம்.