ஸ்பிட்ஃபயரைக் கட்டி இழுத்து வரலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்னஸியிலிருந்து ஒரு பழைய காரை டிரெய்லரில் ஏற்றி வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

நான் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. அப்பா 1974-ல் செகண்ட் ஹேண்டாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். நான் பள்ளிக்கூடம் போனது, அக்கா கல்யாணத்துக்கு வாழை இலைக் கட்டு வந்தது எல்லாம் அதில்தான். இப்போது பீனிக்ஸில் 1969-ம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம்தானே. அந்த ஹெரால்டின் தம்பி இந்தக் கார் என்பதால் விட மனம் இல்லை. பத்து வருஷமாக ஷெட்டில் நின்ற வண்டி. என்ஜின் கிளம்பவில்லை, ஆனால் துரு இல்லை.

ஜூனில் அப்பா வருகிறார். எண்பது வயது. அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் டொயோட்டா சியன்னாவில் போய், டோ பார் (இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்புக் கம்பி) மாட்டி, நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்து வருவதாகத் திட்டம். சியன்னா 3,500 பவுண்டு இழுக்கும். ஸ்பிட்ஃபயர் அதில் பாதிகூட இல்லை. நியூட்ரலில் போட்டுவிட்டால் போதும் என்கிறார் விற்பவர். வழியில் கொஞ்ச தூரம் அப்பா ஸ்பிட்ஃபயரில் உட்கார்ந்து வரலாமா?

வாசகர், நேப்பர்வில்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இழுபடும் வண்டியில் யாரும் உட்காரக் கூடாது. அவர் முன்னால் இழுக்கும் வண்டியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும்.

விற்பவர் சொன்ன நியூட்ரலைப் பார்ப்போம். நியூட்ரலில் போட்டால் கியர்பாக்ஸ் ஓய்வெடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஸ்பிட்ஃபயர் பின்சக்கர டிரைவ். சக்கரம் உருண்டால், கியர்பாக்ஸைப் பின்பக்கத்தோடு இணைக்கும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், அதோடு கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சுற்றும். கீழே எண்ணெயில் முங்கியிருக்கும் லே ஷாஃப்ட்தான் எண்ணெயை மேலே வாரி இறைப்பது. அதைச் சுற்றவைப்பது என்ஜின். என்ஜின் நின்றிருந்தால் அது அசையாது. ஆக, மேலே ஒரு தண்டு மணிக்கணக்காகச் சுற்றுகிறது, அதன் புஷ்களுக்கு (தண்டு சுற்றும் உலோக வளையங்களுக்கு) ஒரு சொட்டு எண்ணெய் ஏறுவதில்லை. ஒர்க்‌ஷாப் வரை நாலு கிலோமீட்டர் என்றால் ஒன்றும் ஆகாது. பீனிக்ஸிலிருந்து உங்கள் வீடு சுமார் 2,800 கிலோமீட்டர்.

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். பின்பக்கம் நாலு போல்ட், முன்பக்கம் நாலு போல்ட். முன்பக்கத்துக்கு உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் மூடியை எடுக்க வேண்டியிருக்கும். திரும்ப அதே நிலையில் பொருத்த, கழற்றும் முன் ஃபிளாஞ்ச்களில் (போல்ட் போடும் தட்டுகளில்) பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். இதைச் செய்தாலும் நான்கு சக்கரமும் உருள இழுத்து வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் டிரனியன்.

உங்கள் அப்பாவுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்சக்கர அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி இறங்கியிருக்கும். அந்தக் கட்டைதான் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த மரைதான் சுழன்று கொடுக்கும். அதற்குத் தேவை கியர் ஆயில், கிரீஸ் இல்லை. பலரும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, தண்ணீர் இறங்கும். உள்ளே அரித்துக்கொண்டே போய் ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் அப்படியே மடங்கி உட்காரும். டிரையம்ஃப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பயப்படும் இடம் இது. ஓட்டும்போது ஸ்டியரிங் இறுகுவது, கிறீச்சிடுவது என்று ஏதாவது ஒரு எச்சரிக்கை கைக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. இழுபடும் வண்டியில் அதை உணரக் கை இல்லை. பத்து வருஷம் நின்ற வண்டியின் டிரனியனுக்குக் கடைசியாக எண்ணெய் விட்டது யார், எப்போது என்று விற்பவருக்கே தெரியுமா? பத்து வருஷ டயர் வேறு. கட்டி இழுத்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆள் இல்லாமல் ஓடுகிறது என்பதுதான் வித்தியாசம்.

அதனால் டிரெய்லர். ஆனால் இங்கே உங்கள் கணக்கு உதைக்கிறது. ஸ்பிட்ஃபயர் சுமார் 1,600 பவுண்டு, சரி. வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு அச்சு இரும்பு டிரெய்லர் காலியாகவே சுமார் 2,200 பவுண்டு. மாப்பிள்ளையைவிடக் குதிரை கனம். இரண்டும் சேர்ந்தால் 3,800. சியன்னாவின் 3,500 போதாது. அந்த 3,500-ம்கூட வேனுக்குள் குடும்பமும் பெட்டிகளும் அதிகம் இல்லாதபோதுதான். முன்சக்கரத்தை மட்டும் தூக்கி வைக்கும் டாலி என்றால் எடை கணக்குக்குள் அடங்கும், ஆனால் பின்சக்கரம் உருளும், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. டிரெய்லர் வாடகைக்கு விடும் இடத்திலேயே வீடு மாற்றும் லாரியும் கிடைக்கும். அதை ஒருவழி வாடகைக்கு எடுங்கள். சாதாரணமாகக் கார் வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் இழுக்கவே அனுமதிப்பதில்லை.

ஏற்றும் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முகம் முன்பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். என்ஜின் முன்னால் இருப்பதால் கனம் டிரெய்லரின் அச்சுக்கு முன்னால் விழும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை கொக்கியில் இறங்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பின்கனமாக இருந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். (பின்னால் என்ஜின் வைத்த போர்ஷே 911-ஐ சிலர் திருப்பி ஏற்றுவது இதனால்தான்.) ஸ்பிட்ஃபயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பானெட் ஹெரால்டைப் போலவே மூக்குப் பக்கம் கீல் வைத்தது, முன்பாதி முழுவதும் ஒரே துண்டாகக் கவிழ்ந்து திறக்கும். முன்பார்த்துப் போனால் காற்று அதை அமுக்கும். திருப்பி ஏற்றினால் கண்ணாடிப் பக்கத்து விளிம்பில் காற்று புகுந்து தூக்கப் பார்க்கும். பானெட்டைப் பிடித்திருக்கும், பக்கத்துக்கு ஒன்றான இரண்டு பழைய கொக்கிகளை நம்பி நெடுஞ்சாலையில் அந்தச் சோதனை வேண்டாம்.

கட்டுவதற்கு, சாதாரணப் பழைய கார்களில் பின் அச்சைச் சுற்றிப் பட்டை போடுவார்கள். ஸ்பிட்ஃபயரில் அப்படி முழு அச்சு கிடையாது. டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேசிஸில் நிலையாக இருக்கும், இரண்டு பக்கமும் அரைத்தண்டுகள் ஏறி இறங்கும். அவற்றில் பட்டை போடக் கூடாது. டயரைச் சுற்றிக் கட்டும் பட்டைகள்தான் சரி. சக்கரம் அசையாது, வண்டி தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும். (நம் ஊரில் மெக்கானிக்குகளுக்கு இந்தப் பின்பக்க அமைப்பு பிடிக்காமல், சென்னை வண்டலூர் தொழிற்சாலையில் ஹெரால்டுக்குப் பின் வந்த கேஸல் காரில் முழு அச்சுக்கு மாறிவிட்டார்கள்.) வாடகை டிரெய்லரின் பட்டை இன்றைய பெரிய டயர்களுக்கானது. 13 அங்குலச் சக்கரத்தில் சரியாக இறுகாமல் போகலாம், உங்கள் பங்குக்கு நாலு ராட்செட் பட்டை எடுத்துப் போங்கள். டிரெய்லரின் இரண்டு தடங்களுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்றும் அளந்துவிடுங்கள். ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்களுக்கு இடையே 49 அங்குலம்தான். சைலன்சர் தாழ்வு, ஏற்றும்போது இடிக்கும். இரண்டு பலகை கூட இருக்கட்டும். என்ஜின் கிளம்பாத வண்டி என்பதால் கையால் சுற்றி வண்டியை மேலே இழுக்கும் கைவின்ச் ஒன்றும் வேண்டும்.

டென்னஸிப் பயணத்தில் நான் செய்த தப்பை அந்தக் கட்டுரையில் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. கட்டி முடித்துவிட்டுத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கார் தலையாட்டிக்கொண்டு வருகிறது, கும்பாபிஷேகத்துக்கு வந்த யானை மாதிரி. டயர் அமுங்கிப் பட்டை எல்லாம் தொளதொளத்துவிட்டது. முதல் பத்துப் பதினைந்து மைலில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அப்புறம் பெட்ரோலுக்கு நிற்கும்போதெல்லாம் ஒருமுறை சுற்றி வந்து, டிரெய்லர் சக்கரங்களின் நடுவில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் அல்லது பிரேக்.

பாதையில் கடினமானது முதல் நாள்தான். பீனிக்ஸ் சுமார் 1,100 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 6,900 அடி. ஐ-17 நெடுஞ்சாலையில் சுமார் 145 மைலுக்குள் அத்தனையும் ஏற வேண்டும். பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகையே இருக்கும். ஜூன் மாதம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ஐ-40-ல் நியூ மெக்சிகோவில் 7,200 அடிக்கு மேலும் ஒருமுறை ஏறுவீர்கள், ஏறுவதே தெரியாது. இறக்கங்களில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். வாடகை டிரெய்லரின் பிரேக், நீங்கள் வேகம் குறைக்கும்போது அது லாரியை முன்னால் தள்ளுவதால் தானாகப் பிடிப்பது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிவிடும். டெக்ஸாஸில் அமரில்லோ பக்கம் பக்கவாட்டுக் காற்று அடிக்கும். டிரெய்லர் ஆடினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை விட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். 55 மைலைத் தாண்ட வேண்டாம். மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்காக நாலாகவே இருக்கட்டும்.

கிளம்பும் முன் திருச்சிக்கு ஒரு போன் போட்டு, ஹெரால்டின் டிரனியனுக்கு என்ன விடுவீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆயில் என்று சொன்னால் பீனிக்ஸில் அந்த வண்டியை அவரே குனிந்து பார்க்கட்டும். கிரீஸ் என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள், யாராவது ஒரு டிரையம்ஃப் மெக்கானிக்கை அந்தப் பக்கம் தேடிப் பிடிப்போம்.