கூடைப்பந்தை விடமாட்டேன் என்னும் மகன்: ஒரு தாய்க்கான பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர்வதா, கலைப் பிரிவில் சேர்வதா என்பது ஒன்று. கூடைப்பந்தை நிறுத்தும்படி அவரிடம் சொல்வதா என்பது மற்றையது. விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் 'ஏ' சித்தி பெற்ற பிள்ளை, பின்னேரப் பயிற்சிக்கு நேரம் மிஞ்சும் என்ற ஒரே காரணத்துக்காகக் கலைப் பிரிவைக் கேட்பதும், அதைக் கேட்ட தந்தை அவரது சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதும், பந்தும் படிப்பும் சேர்ந்து ஓடமாட்டா என்று இருவருமே முடிவு கட்டிவிட்டதால் நேர்ந்தவை.

'டிம் டங்கனைப் போல வருவேன்' என்று மகன் சொல்வதாகவும், அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரை அறிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் மகன் சாட்சிக்கு அழைத்திருப்பவர் உங்கள் பக்கம் பேசக்கூடியவர்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் புகழ்பெற்ற வீரரான டங்கன் 1976இல் கரீபியன் கடலிலுள்ள சென் குரோய் என்னும் சிறு தீவில் பிறந்தவர். தாய் மருத்துவிச்சி, தந்தை மேசன். சிறு வயதில் அவர் கூடைப்பந்து வீரர் அல்லர், நீச்சல் வீரர். அக்கா 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நீந்தியவர் என்பதால் தம்பிக்கும் அதே கனவு இருந்தது. 1989 செப்டெம்பரில் வீசிய ஹியூகோ சூறாவளி அத்தீவின் ஒரேயொரு ஒலிம்பிக் அளவு நீச்சல் தடாகத்தை அழித்துவிட்டது. 1978 நவம்பர் சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் நம் மட்டக்களப்பு மாவட்டத்தாருக்கு, ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் திட்டமெல்லாம் மாறிப்போவது எப்படியென்று விளக்க வேண்டியதில்லை. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால், சுறாமீனுக்கு அஞ்சிய அந்தப் பிள்ளை அதற்கு உடன்படவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில், அவருடைய 14ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதன் பின்னரே அவர் கூடைப்பந்தில் முழுமூச்சாக இறங்கினார்.

இறப்பதற்கு முன் அந்தத் தாய், பட்டப்படிப்பை முடிப்போம் என்று பிள்ளைகளிடம் வாக்குறுதி வாங்கியிருந்தார். அமெரிக்காவின் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தில் டங்கன் படித்துக்கொண்டிருந்தபோதே தொழில்முறை அணிகள் அவரை எடுக்கத் தயாராக இருந்தன. இடைநடுவில் புறப்பட்டிருந்தால் கோடிக்கணக்கில் சம்பாதித்திருப்பார். அவரோ நான்கு ஆண்டுகளும் இருந்து, 1997இல் உளவியலில் பட்டம் பெற்ற பின்னரே அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான என்.பி.ஏ.யின் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தெரிவில் முதலாவது வீரராகச் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குச் சென்றார். அந்த ஒரே அணியில் 19 பருவகாலங்கள் ஆடி, ஐந்து முறை சம்பியன் பட்டம் வென்று, 2016இல் தமது 40ஆவது வயதில் ஓய்வு பெற்றார். உளவியல் பட்டத்தை வைத்து அவர் பிழைக்க நேரவில்லை என்று மகன் வாதாடுவார், அது உண்மைதான். ஆனால் தொழில்முறையில் ஆடவந்த மூன்றாம் ஆண்டில் அவருடைய முழங்கால் முறிந்திருந்தால் கையில் என்ன இருந்திருக்கும் என்று மகனையே யோசிக்கச் சொல்லுங்கள். நாற்பது வயதில் ஓய்வு என்பதே இந்த விளையாட்டில் அரிது. பெரும்பாலானோர் அதற்கு வெகு முன்னரே வேறு தொழில் தேட வேண்டியிருக்கிறது.

அவருடைய பிற்கால வாழ்க்கையில் தந்தையார் கவனிக்க வேண்டிய ஒரு பகுதியும் உண்டு. நம்பி வைத்திருந்த நிதி ஆலோசகரால் பல மில்லியன் டொலரை இழந்த டங்கன் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. அந்த ஆலோசகர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். ஓய்வுக்கு முன்பே கார்களை மாற்றியமைக்கும் கடையொன்றைத் தொடங்கியிருந்தவர், 2019–20 பருவகாலத்தில் தம் பழைய அணிக்கு உதவிப் பயிற்றுநராகவும் இருந்தார். பந்து கையை விட்டுப் போன பின்னும் ஒருவர் நெடுங்காலம் வாழ வேண்டியிருக்கிறது.

இனி, மகனிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை. டங்கனின் உயரம் 211 சென்றிமீற்றர். மகனுக்கு நீங்கள் குறிப்பிட்டிருப்பது 178. என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஓர் அணிக்கு வழமையான ஒப்பந்த இடங்கள் 15. இலங்கையிலோ கூடைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தத்தக்க தொழில்முறைச் சுற்று கிடையாது. இங்கு நன்றாக ஆடுவோர் பாதுகாப்புப் படைகள், பொலிஸ், வர்த்தக நிறுவனங்கள் ஆகியவற்றின் அணிகளில் ஆடி, அங்கேயே சம்பளம் பெறுகிறார்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகமும் அணியும் ஒரே வளாகத்தில் இருப்பதால் டங்கனுக்கு இரண்டும் ஒன்றாய்க் கிடைத்தன. இங்கே அவற்றை இணைத்துக் கொடுக்க வேண்டியது வீடுதான்.

இந்த இணைப்பு மட்டக்களப்புக்குப் புதியதன்று. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகளுள் ஒருவரான யூஜின் ஹெபேர்ட் அடிகளார், கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்து இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தவர். 1990 ஓகஸ்டில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். அவரிடம் பந்து பழகியவர்களை இன்றும் நகரில் சந்திக்கலாம். தந்தையார் அவர்களில் ஒருவருடனாவது பேசிப் பார்ப்பது, நான் எழுதும் கடிதத்தைவிடப் பயன் தரும்.

என் பரிந்துரை, மகன் உயிரியல் பிரிவில் சேர வேண்டும் என்பதும், பயிற்சி தொடர வேண்டும் என்பதுமாகும். மருத்துவராக வேண்டும் என்ற தந்தையின் ஆசைக்காக இதை நான் சொல்லவில்லை. காயமுற்ற வீரரை மீண்டும் ஆடவைக்கும் இயன்மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு, பேராதனையிலும் கொழும்பிலும், உயிரியல் பிரிவு மாணவர்களையே எடுக்கிறார்கள். கலைப் பிரிவில் சேர்ந்த பின் அந்த வாசல் திறக்காது. உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானம் தொடர்பான பட்டங்களுக்கு, சப்ரகமுவ பல்கலைக்கழகம் போன்றவற்றில், உயர்தரச் சித்தியோடு விளையாட்டுத் தகைமையும் பார்க்கப்படுகிறது. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி முறையும் உண்டு. அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். உடற்கல்வி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலைக் கவனியுங்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் வாங்கித் தருவதாக முற்பணம் கேட்கும் முகவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளும் பாடப் பெறுபேற்றைப் பரிசீலித்த பிறகே ஒரு மாணவரை ஆட அனுமதிக்கின்றன.

நேரம் போதாது என்பது பெரும்பாலும் ரியூசனால் வருவது. ஒரே பாடத்துக்கு இரண்டு இடங்களில் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை நான் இங்கே நிறையப் பார்க்கிறேன். அந்த இரண்டாவது வகுப்பை நிறுத்தினாலே வாரத்தில் மூன்று பின்னேரம் பயிற்சிக்குக் கிடைக்கும். அந்த நாட்களில் இரவுப் படிப்பைச் சுருக்கி, மறுநாள் விடியற்காலையில் படிக்கட்டும். இரண்டாம் ஆண்டில், பரீட்சைக்கு முந்திய மாதங்களில், போட்டிகளிலிருந்து விலகியிருப்பதாக இப்போதே மகனிடம் பேசி ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். அப்போது சொன்னால் அது தண்டனையாகத் தோன்றும்.

நேரில் வரும்போது பெறுபேற்றுத் தாளையும், மாகாண மட்டப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களையும் கொண்டு வாருங்கள். தந்தையாரும் அவசியம் வர வேண்டும்; ஆனால் முதல் அரைமணி நேரம் மகன் என்னிடம் தனியாகப் பேசட்டும். அதற்கு முன்பே சப்பாத்தை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.